பையன் பேஸ்பால்தான் வேணும்கிறான், என்ன பண்றது?

நியூஜெர்சி எடிசன்ல இருந்து ஒரு அம்மா எழுதியிருந்தாங்க. பையன் லெவன்த் கிரேடு, ஸ்கூல் டீம்ல ஷார்ட்ஸ்டாப் (ரெண்டாவது, மூணாவது பேஸுக்கு நடுவுல நிக்கிற ஃபீல்டர்), மெடிசின் வேண்டவே வேண்டாம் பேஸ்பால்லயே இருக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறான், பெரியப்பா சித்தி எல்லாரும் ஏழு வருஷ மெடிக்கல் ப்ரோகிராமுக்கு அப்ளை பண்ணச் சொல்லி தினம் போன், தூக்கமே இல்லன்னு.

கவலை புரியுதும்மா. ஆனா வேண்டாம்னு தெளிவா சொல்ற பிள்ளையை மெடிசின்ல தள்ளாதீங்க. ஃபீஸ் கட்டப்போறது நீங்க, படிக்கப்போறது அவன், பெரியப்பா இல்ல. கம்ப்யூட்டர் சயின்ஸ் பத்தியும் நான் சொல்லி நீங்க தெரிஞ்சுக்க எதுவும் இல்ல, அதை விட்டுடறேன்.

மேஜர் லீக்ல, அதாவது பேஸ்பாலோட உச்ச லீக்ல ஆடுவானா? வாய்ப்பு ரொம்ப ரொம்பக் கம்மி. யாரும் யோசிக்காதது கோச்சிங், அங்கிருந்து மேனேஜர். பேஸ்பால்ல மேனேஜர்னா யார் ஆடணும், பந்து வீசுற பிட்சரை எப்ப மாத்தணும்னு முடிவெடுக்கிறவர்.

அடுத்த மேட்ச்ல பந்தை விட்டுட்டு பையனைப் பாருங்க. முதல் பேஸ்ல எதிரணி ரன்னர் நிக்கும்போது க்ளவ்வால முகத்தை மறைச்சுக்கிட்டு செகண்ட் பேஸ்மேனுக்கு வாயைக் காட்டுவான், மூடியிருந்தா ரன்னர் ஓடினா செகண்ட் பேஸுக்கு நான் போறேன், திறந்திருந்தா நீ போன்னு அர்த்தம். பேட்டர் எந்தப் பக்கம் அடிப்பான்னு கணிச்சு ஒவ்வொரு பந்துக்கும் நகர்ந்து நிப்பான். மேனேஜருக்கு வேண்டிய புத்தி இதுதான், இப்படி பேஸ்கள் பக்கத்துல நிக்கிற இன்ஃபீல்டர்கள் நிறைய பேர் மேனேஜர் ஆனதுல ஆச்சரியமே இல்ல.

டோனி லா ரூஸாவைப் பாருங்க. 1962ல ஹைஸ்கூல் முடிச்ச கையோட ஷார்ட்ஸ்டாப்பா ஒப்பந்தம் போட்டவர், மேஜர் லீக்ல மொத்தமே 132 மேட்ச், பேட்டிங் ஆவரேஜ் .199, அது ரொம்பக் கம்மி, ஒரு ஹோம் ரன் கூட இல்ல. ஆனா ஆடிக்கிட்டே படிச்சு 1969ல டிகிரி, 1978ல ஃப்ளோரிடா ஸ்டேட்ல சட்டப் படிப்பு. அதே 1978ல நாக்ஸ்வில்ங்கிற மைனர் லீக் (மேஜர் லீக்குக்குக் கீழ இருக்கிற லீக்) டீமுக்கு மேனேஜர், அடுத்த வருஷமே மேஜர் லீக் டீமான சிகாகோ வைட் சாக்ஸ் மேனேஜர், வயசு 34. அப்புறம் 1989, 2006, 2011னு மூணு தடவை மேஜர் லீக் சாம்பியன்ஷிப்பான வேர்ல்டு சீரீஸ் ஜெயிச்சார், மொத்தம் 2,884 வெற்றி, 2014ல ஹால் ஆஃப் ஃபேம். ஆட்டத்துல தோத்தவர்னு அவரை யாராவது சொல்வாங்களா?

இப்ப காசு விஷயம், இதுல நான் கறார்தான். ட்ராவல் டீம் (ஊர் ஊராப் போய் ஆடுற டீம்), ஷோகேஸ் (கோச்சுங்க பார்க்க ஆடிக் காட்டுறது)னு கடன் வாங்காதீங்க, ரிட்டயர்மென்ட் சேமிப்புல கை வைக்கவே வைக்காதீங்க. 2023 ஒப்பந்தப்படி அந்த வருஷம் மைனர் லீக் ப்ளேயருக்கு குறைஞ்சபட்சச் சம்பளம் கீழ்மட்டத்துல வருஷத்துக்கு 19,800 டாலர், அதுலயே மேல்மட்டமான ட்ரிபிள் ஏல கூட 35,800தான் இருந்துச்சு, அதனால டிகிரி இல்லாம ஒரு அடி கூட எடுத்து வைக்கக் கூடாது, இதை அவன்கிட்ட நேராவே சொல்லுங்க.

காலேஜ் விளையாட்டுல மூணாவது பிரிவான டிவிஷன் த்ரீ காலேஜ் பாருங்க. அங்க ஸ்போர்ட்ஸ் ஸ்காலர்ஷிப் கிடையாது, ஆனா மார்க்குக்கும் குடும்ப வருமானத்துக்கும் உதவித்தொகை உண்டு, இவன் ஆடவும் வாய்ப்பு அதிகம். ஸ்டாட்டிஸ்டிக்ஸோ, உடல் அசைவைப் பத்தின கினீஸியாலஜியோ அவனுக்குப் பிடிச்சதைப் படிக்கட்டும். முடிச்சதும் மாஸ்டர்ஸ் படிச்சுக்கிட்டே டீமுக்கு உதவுற கிராஜுவேட் அசிஸ்டென்டா சேர்ந்தா கோச்சிங் வேலையும் பழகலாம், பல இடத்துல மாஸ்டர்ஸ் ஃபீஸ்லயும் உதவி கிடைக்கும். அதுக்கப்புறம் காலேஜ் கோச், மைனர் லீக் கோச்னு படிப்படியா. வருமானம் மெதுவாத்தான் ஏறும், அதையும் மறைக்காதீங்க.

இந்த சம்மர்ல பக்கத்து லிட்டில் லீக்ல சின்னப் பசங்களுக்குச் சொல்லிக்கொடுக்க அனுப்புங்க. பந்தையே பிடிக்கத் தெரியாத எட்டு வயசுப் பையனோட பொறுமையா நிக்கிறானான்னு பாத்துட்டு எனக்கு எழுதுங்க, காலேஜ் லிஸ்ட்டை அப்புறம் சேர்ந்து போடலாம்.