செத்த மீன், காலி நாற்காலி

அன்புள்ள ஐயா,

சியாட்டிலில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். போன கோடையில் குடும்பத்தோடு அலாஸ்கா போயிருந்தோம். எங்களை மீன்பிடிக்கக் கூட்டிப்போன படகுக்காரர் பேச்சுவாக்கில் அந்த மாநிலத்தின் முன்னாள் ஆளுநர் சாரா பேலின் பெயரை எடுத்தார். கூட வந்த அவர் மனைவி, "அந்தப் பேச்சை இந்தப் படகில் எடுக்காதே" என்று சீறினார். அரைமணி நேரம் இருவருக்கும் சண்டை. தூண்டிலை நாங்கள்தான் பார்த்துக்கொண்டோம்.

வீட்டிலிருந்து பார்த்தால் ரஷ்யா தெரிகிறது என்று சொன்ன ஒரு பெண்மணிக்காக இத்தனை வருடம் கழித்தும் சண்டை போடுகிறார்களே என்று இருந்தது. விவரம் தெரியாத ஜனங்களும் டிவி மோகமும் சேர்ந்தால் இப்படித்தான் ஆகும்போல. என் கேள்வி இதுதான்: வீட்டுக்கு வீடு இரண்டாகப் பிளக்கிற இந்த மாதிரிப் பிரபலங்களுக்கு இனி தேர்தல் அரசியலில் எதிர்காலம் உண்டா? 2022இல் தோற்றதோடு அவர் கதை முடிந்ததா? ட்ரம்ப்புக்கு மட்டும் அது எப்படிப் பலிக்கிறது? நம்மூர் நடிகர்களுக்கும் இது பொருந்துமா?

ஆர்.,
சியாட்டில்

அன்புள்ள ஆர்.,

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தவர் அந்தப் படகுக்காரரின் மனைவி. முடிந்தால் அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

அரசியல் கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை. இதற்கு எழுதக் காரணம் பெரியப்பா. போன மாதம் அவருடைய தகரப்பெட்டியை ஒழித்தபோது ஒரு ராஜினாமாக் கடிதத்தின் கார்பன் நகல் கிடைத்தது. அதை மேஜையில் வைத்துக்கொண்டு யோசித்தபடி இருந்த நேரத்தில் உங்கள் மின்னஞ்சல் வந்தது. பெரியப்பாவிடம் பிறகு வருகிறேன்.

முதலில் உங்களைத் திட்டிவிடுகிறேன். ரஷ்யா வசனத்தைச் சொன்னது பேலின் அல்ல. 2008 செப்டம்பரில் சாட்டர்டே நைட் லைவ் என்ற டிவி நையாண்டி நிகழ்ச்சியில் அவரைப்போல வேடம் போட்ட நடிகை டினா ஃபே சொன்னது. பேலின் ஏபிசி டிவி பேட்டியில் சொன்னது, அலாஸ்காவின் ஒரு தீவிலிருந்து பார்த்தால் ரஷ்ய மண் தெரியும் என்பது. அது பூகோளம். லிட்டில் டயோமீட் தீவுக்கும் ரஷ்யாவின் பெரிய டயோமீட் தீவுக்கும் நடுவே சுமார் நான்கு கிலோமீட்டர் கடல்தான். வெளியுறவு அனுபவம் என்ன என்று கேட்டால் அது பதிலாகாது, அது வேறு விஷயம். ஆனால் மிமிக்ரிக்காரர் வாயில் வந்ததை அசல் ஆள் தலையில் கட்டிவிட்டு, 'விவரம் தெரியாத ஜனங்கள்' என்று எழுத உங்களுக்குக் கை எப்படி வந்தது? நீங்களும் அந்த டிவி பார்த்த ஜனத்தில் ஒருவர்தானே.

அந்த ஜனங்களின் விவரத்தைக் கொஞ்சம் பார்ப்போம். 2006இல் அலாஸ்காவின் ஆளுநர் ஃபிராங்க் முர்கோவ்ஸ்கி. ஆளுநர் ஆனதும் காலியான தன் செனட் பதவியில் சொந்த மகளையே நியமித்தவர். அவரை அவர் கட்சிக்குள்ளேயே நின்று தோற்கடித்தவர் பேலின். வசில்லா என்ற சின்ன ஊரின் மேயராக இருந்தவர். எண்ணெய் வள ஆணையத்தில் சொந்தக் கட்சிக்காரரின் முறைகேட்டை எதிர்த்துப் பதவியை விட்டவர். (இந்த ராஜினாமாவையும் மனதில் வையுங்கள். இது அவருக்குப் பேர் வாங்கிக்கொடுத்த ராஜினாமா.) ஆளுநரான பிறகு, 2007இல் எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சிக்காரர்களைக் கூடச் சேர்த்துக்கொண்டு எண்ணெய்க் கம்பெனிகள்மீது வரியை உயர்த்தினார். 2008இல் எண்ணெய்ப் பணத்தில் வழக்கமாக வரும் பங்கோடு தனியாக 1,200 டாலரும் சேர்த்து, தலைக்கு 3,269 டாலர் ஒவ்வொருவர் கைக்கும் போனது. குழந்தைக்கும் உண்டு. கருத்துக்கணிப்புகளில் அவருக்கு ஆதரவு எண்பது சதவீதத்தைத் தாண்டி நின்ற காலம் அது. உங்கள் படகுக்காரரும் மனைவியும் அன்றைக்கு ஒரே கட்சியாகத்தான் இருந்திருப்பார்கள்.

ஆகவே பிளப்பது பேலினுடைய பிறவிக்குணம் என்று நான் ஒப்ப மாட்டேன். 2008 ஆகஸ்ட் 29 அன்று, குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஜான் மெக்கெய்ன் அவரைத் துணை அதிபர் வேட்பாளராக மேடையேற்றினார். அன்றோடு ஊர்க்காரி போய் நட்சத்திரம் வந்தது. மேடையில் பாதிப் பேர் விசிலடிக்க, பாதிப் பேர் கல்லெறிய, அந்தச் சத்தத்துக்கு ஆள் பழகிப்போனார். அந்தப் பழக்கம் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். நான் நாடகக்காரர் வீட்டில் வளர்ந்தவன்.

ட்ரம்ப்பைப் பற்றி எழுத உலகத்தில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள், விடுங்கள். நம்மூர் நடிகர்களையும் விடுங்கள். அதற்கு வரும் வசைகளைப் படிக்க எனக்குக் கண்பார்வை போதாது.

2022க்கு வருவோம். அலாஸ்கா மொத்தத்துக்கும் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையில் ஒரே ஓர் இடம். 1973 முதல் அதில் இருந்த டான் யங் அந்த மார்ச்சில் இறந்துபோனார். இடைத்தேர்தலின் முதல் சுற்றில் 48 வேட்பாளர்கள். அதில் ஒருவர் பெயர் சான்டா கிளாஸ், ஊர் நார்த் போல். சத்தியமாக நான் கதை விடவில்லை. கடைசியில் களத்தில் மூன்று பேர்: பேலின், அதே குடியரசுக் கட்சியின் நிக் பெகிச், ஜனநாயகக் கட்சியின் மேரி பெல்டோலா. 2020இல் அங்கே மாற்றிய வாக்குமுறை அந்த வருடம்தான் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது. ஓட்டுச்சீட்டில் உங்களுக்குப் பிடித்தவருக்கு 1 போடலாம், அவர் இல்லையென்றால் யார் என்று 2, அதன்பிறகு 3. கடைசியாக வருபவரை நீக்கிவிட்டு, அவருக்கு 1 போட்டவர்களின் சீட்டில் 2 யாருக்கு என்று பார்த்து அவர் கணக்கில் சேர்ப்பார்கள்.

முதல் எண்ணிக்கையில் பெல்டோலா சுமார் 40 சதவீதம், பேலின் 31, பெகிச் 28 சொச்சம். இரண்டு குடியரசுக் கட்சிக்காரர்களையும் கூட்டினால் அறுபது. நம்மூர்க் கூட்டணிக் கணக்குப்படி பேலின் ஜெயித்தாயிற்று. ஆனால் பெகிச்சை நீக்கி அவருடைய சீட்டுகளைப் பிரித்தால், அவருடைய வாக்காளர்களில் பாதிப் பேர்தான் பேலினுக்கு 2 போட்டிருக்கிறார்கள். பத்தில் மூன்று பேர் கட்சி தாண்டிப் பெல்டோலாவுக்கு. மீதிப்பேர் யாருக்கும் போடாமல் சீட்டை அப்படியே பெட்டியில் போட்டுவிட்டார்கள். பெல்டோலா 51.5, பேலின் 48.5. அதே நவம்பரில் மறுபடி மோதியபோது வித்தியாசம் இன்னும் பெரிதானது. ட்ரம்ப் ஆங்கரேஜ் வரை வந்து கூட்டம் போட்டும் இதுதான் நடந்தது. பேலின் வாக்குமுறையைத் திட்டினார். அதற்கு இரண்டு வருடம் கழித்து, அதே முறையில், அதே பெல்டோலாவை பெகிச் தோற்கடித்தார்.

(முறை அப்பழுக்கற்றது என்று சொல்ல வரவில்லை. 2022 ஆகஸ்ட் சீட்டுகளைப் பிரித்துப் பார்த்தவர்கள், ஒண்டிக்கு ஒண்டி நின்றிருந்தால் மற்ற இருவரையுமே பெகிச் ஜெயித்திருப்பார் என்று காட்டினார்கள். ஜெயிக்க வேண்டியவர்தான் முதலில் வெளியே போனார்.)

அந்த '2' என்ற எண்ணைப் பற்றித்தான் நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். 1 போடுவது பாசம். விசிலடிக்கிறவன் போடுவது. 2 என்பது உங்கள்மேல் பாசமே இல்லாதவன், 'சரி, இந்த ஆள் இருந்தாலும் காரியம் நடக்கும்' என்று போடுவது. அதைக் கூட்டம் கூட்டி வாங்க முடியாது. நம்மூரில் அந்தக் கட்டம் சீட்டில் இல்லை, மனசில் உண்டு. சொந்தக் கட்சிக்காரரான பெகிச்சின் வாக்காளர்களில் பாதிப் பேர் பேலினுக்கு அதைத் தரவில்லையே, ஏன்? பிளவு, வாய்த்துடுக்கு, டிவி என்பீர்கள். நான் வேறொன்றைச் சொல்வேன்.

2009 ஜூலை 3. வசில்லாவில் ஏரிக்கரையிலுள்ள தன் வீட்டில் நின்று, ஆளுநர் பதவியை விடுவதாக பேலின் அறிவித்தார். நான்கு வருடப் பதவியில் இரண்டரை வருடத்துக்குக் கொஞ்சம் மேல்தான் முடிந்திருந்தது. காரணங்கள் சொன்னார், எல்லாமே பொய் என்று சொல்ல மாட்டேன். சரமாரியாக ஒழுங்குமீறல் புகார்கள், வக்கீல் செலவு, குடும்பத்தின்மீது ஏளனம். செத்த மீன்தான் நீரோட்டத்தோடு போகும் என்று ஒரு வாக்கியமும் சொன்னார். நல்ல வசனம், கைதட்டல் வாங்கும். அதன்பிறகு புத்தகம், ஃபாக்ஸ் நியூஸ், ரியாலிட்டி ஷோ. 2020இல் கரடி முகமூடி போட்டு ஒரு பாட்டுப்போட்டியில்கூட ஆடினார். 2022இல் திரும்பி வந்து ஓட்டுக் கேட்டபோது பதின்மூன்று வருடம் ஆகியிருந்தது. திட்டினதையும் உளறினதையும் ஜனம் மறந்துவிடும். காலி நாற்காலியை மறக்காது.

எம்.ஜி.ஆர். 1984இல் புரூக்ளின் மருத்துவமனையில் படுத்தபடியே ஆண்டிபட்டியில் ஜெயிக்கவில்லையா என்று எழுதுவீர்கள். அவர் படுத்திருந்தார், எழுந்து போகவில்லை. அந்த வித்தியாசம் ஆண்டிபட்டிக்குத் தெரிந்திருந்தது.

பெரியப்பா ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட். எங்கள் பக்கம் நாலு ஜில்லாவில் வள்ளி திருமணம் போட்டால் முருகன் வேஷத்துக்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள். நடுராத்திரிக்கு மேல் வள்ளியோடு தர்க்கம் ஆரம்பித்தால் பக்கத்து ஊரிலிருந்து சைக்கிளில் வந்து கேட்பார்கள். எதிராளியைப் பேசியே மடக்குவார். அதனால் அவருக்குப் பகையும் உண்டு. இரண்டு ஊர்களில் அவரை மேடையேற விடமாட்டோம் என்றிருக்கிறார்கள். 1996 அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல் வந்தபோது ஊர் இளவட்டங்கள் அவரைப் பஞ்சாயத்துத் தலைவருக்கு நிறுத்தின. பூட்டுசாவி சின்னம். பாட்டுப் பாடியே ஜெயித்தார். நான் அவருக்குச் சுவரில் எழுதினேன், சுண்ணாம்பு பட்டு விரல் வெந்துபோனது.

ஜெயித்த பிறகுதான் தெரிந்தது, தலைவர் வேலையில் தர்க்கமே கிடையாது. வேலை என்றால் மோட்டார் காயில் எரிந்துபோவது, தெருவிளக்கு, வீட்டுவரி ரசீது, முதியோர் பென்ஷன் மனுவில் கையெழுத்து. மாசியிலிருந்து வைகாசி வரை அவருக்கு நாடக சீசன். விடிகாலை பஸ்ஸில் வந்து இறங்கி மேக்கப் கலைத்துப் படுத்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பார். திண்ணையில் மனுவோடு ஆட்கள் காத்திருப்பார்கள். பெரியம்மா மோர் கொடுத்துக் கொடுத்து அனுப்புவாள். 1998இல் ஒரு கிராமசபையில் யாரோ மோட்டார் கணக்கைக் கேட்டுவிட்டான். கேட்டவன் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஒரு விருத்தம் பாடினார். ஆமாம், பாடினார். ஜனம் கைதட்டியது. மறுநாள் கலெக்டருக்கு ராஜினாமா எழுதினார். இப்போது என் மேஜையில் இருக்கிற நகல் அதுதான். 'மானமே பெரிதெனக் கருதி' என்று ஆரம்பிக்கிறது.

ஊர் அவரைத் திட்டவில்லை. அது அவருக்குப் புரியவே இல்லை. மறுபடி கூப்பிடுவார்கள் என்று மூன்று வருடம் காத்திருந்தார். 2001இல் தானாகவே நின்றார். எதிரே நின்றவர்களில் ஒருவர் பால் சொசைட்டியில் கணக்கு எழுதுகிறவர். நாலு பேர் முன்னால் நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். நான் பெரியப்பாவோடு வீடு வீடாகப் போனேன். எல்லா வீட்டிலும் காப்பி, எல்லா வீட்டிலும் "உங்களுக்கு இல்லாமலா?" மேலத்தெருவில் ஓர் அப்பத்தா மட்டும் அவர் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்துவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "விடிய விடிய உன் நாடகத்துக்கு உக்காந்தேன்லப்பா. நீ ஒரு நா எனக்கு உக்காந்தியா?"

அவளுடைய பென்ஷன் மனு எட்டு மாதம் எங்கள் வீட்டு அலமாரியில் கிடந்திருக்கிறது. பெரியப்பா சிரித்தார். தெருமுனை திரும்பியதும், "மூணாம் எடம்தான்டா வருவேன்" என்றார். மூன்றாம் இடம்தான் வந்தார்.

அவருக்கு எதிர்காலம் இருந்ததா என்று யாராவது அன்றைக்கு என்னைக் கேட்டிருந்தால் அடித்திருப்பேன். உங்கள் கேள்விக்கு அதனால்தான் எனக்கு நேரான பதில் வரவில்லை. பேலின் இனிமேலும் நிற்கலாம். நின்றால் முப்பது சதவீதம் விசிலடிக்கும் என்று நினைக்கிறேன். அதற்கு மேலே வேண்டியதைக் கொடுக்க வேண்டியவர் உங்கள் படகுக்காரரின் மனைவி. அவரைத்தான் நீங்கள் கேட்டிருக்க வேண்டும், நீங்களோ தூண்டிலைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறீர்கள்.

அடுத்த பங்குனித் திருவிழாவுக்கு ஊரில் நாடகம் வைத்தார்கள். ராஜபார்ட் பெரியப்பாதான், தொகை பேசி வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தவர் புதுத் தலைவர், அந்தப் பால் சொசைட்டிக்காரர். அப்பத்தா சாயங்காலமே வந்து முன்வரிசையில் சாக்கு விரித்து இடம் பிடித்திருந்தாள்.