பொங்கல், சீனப் புத்தாண்டு, தைப்பூசம் மூன்றும் நெருங்கி வரும் வாரங்களை ஒரு சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பம் எப்படிச் சமாளிக்கிறது?

பண்டிகை வேலைகளை யாரும் செய்துவிடலாம். ஒரு பண்டிகையின் விதி இன்னொன்றின் விதியோடு எந்த நாளில் மோதப்போகிறது என்பதை முன்கூட்டியே பார்த்து வைப்பதுதான் வேலை என்பேன். எங்கள் வீட்டில் 2025ஆம் ஆண்டின் தொடக்கம் எப்படிக் கழிந்தது என்பதைச் சொன்னால் இது விளங்கும்.

பொங்கல் சூரியக் கணக்கில் வருவதால் பெரும்பாலும் நகர்வதில்லை. சீனப் புத்தாண்டு அமாவாசையை ஒட்டியும் தைப்பூசம் பௌர்ணமியை ஒட்டியும் வருகின்றன. ஆகவே சில ஆண்டுகளில் தைப்பூசம் முந்திக்கொள்ளும். சில ஆண்டுகளில் சீனப் புத்தாண்டு முந்திக்கொண்டு, தைப்பூசம் அதன் பதினைந்தாம் நாளையொட்டி வந்து நிற்கும். 2025இல் நடந்தது இரண்டாவது வகை: ஜனவரி 14 பொங்கல், 29, 30 தேதிகளில் சீனப் புத்தாண்டு, பிப்ரவரி 11 தைப்பூசம். நடுவில் உள்ளதற்கு மட்டுமே விடுமுறை. பொங்கல் இங்கு வேலை நாள். தைப்பூசமும் 1968 முதல் பொது விடுமுறைப் பட்டியலில் இல்லை.

நாங்கள் செங்காங்கில் ஒரு புதிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியில் இருக்கிறோம். மாமியார், கணவர், உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் மகள், தொடக்கப்பள்ளி மகன், நான். எதிர்வீட்டில் ஒரு சீனப் பாட்டியார் தம் மகன்களோடு வசிக்கிறார். என் மாமியாரும் அவரும் பசார் மலாயில், அதாவது சந்தைகளில் புழங்கிய எளிய மலாயில், பேசிக்கொள்வார்கள். இருவருக்கும் வேறு பொது மொழி கிடையாது, இருவரும் அதை ஒரு குறையாக நினைத்ததும் கிடையாது.

பொங்கலன்று எங்களுக்குள்ள முதல் சிக்கல் சூரியனே. ஜனவரி நடுவில் சிங்கப்பூரில் கதிரவன் எழ ஏழு மணிக்கு மேலாகிவிடும். அதற்குள் பிள்ளைகள் பள்ளிக்குப் புறப்பட்டிருப்பார்கள். பிள்ளைகள் இல்லாமல் பானை பொங்குவதில் மாமியாருக்குச் சம்மதமில்லை. ஆகவே இருட்டிலேயே பொங்க வைத்துவிட்டு, விடிந்த பிறகு மாமியார் மட்டும் சன்னலருகே நின்று சூரியனுக்குச் சூடம் காட்டுவது என்று வைத்துக்கொண்டோம். சாத்திரம் இதை ஒப்புமா என்று கேட்பவர்களுக்கு, பள்ளி மணி ஒப்பாது என்பதே எங்கள் பதில்.

அந்த ஆண்டு பொங்கலுக்கு முந்தைய வெள்ளிக்கிழமையிலிருந்து வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்த்திருந்தது. லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தையிலிருந்து கொண்டுவந்த கரும்பும் மஞ்சள் கொத்தும் குளியலறையில் சொட்டிக்கொண்டிருந்தன. துணிகள் வீட்டுக்குள்ளேயே தொங்கின. சன்னல்கள் சாத்தியே இருந்தன. அந்த அடைப்புக்குள் மாமியார் தாராளமாகச் சாம்பிராணி போட்டார். 2018 ஜூன் முதல் புதிய வீடுகளில் தீ எச்சரிக்கைக் கருவி கட்டாயம். எங்கள் வரவேற்பறைக் கூரையிலும் ஒன்று உண்டு. பால் பொங்கி மகன் “பொங்கலோ பொங்கல்” என்று கத்திய அதே நொடியில் அதுவும் கத்தத் தொடங்கியது. கணவர் நாற்காலியில் ஏறி அதன் பொத்தானைத் தேட, மகள் வாசற்கதவையும் சன்னல்களையும் திறந்துவிட, எதிர்வீட்டுப் பாட்டியார் இரவு உடையுடன் ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். அவர் வாளியோடு மட்டும் திரும்பாமல் பார்த்துக்கொண்டோம். கிண்ணம் நிறையச் சர்க்கரைப் பொங்கலும் போயிற்று. இப்படி நேர்ந்தால் கருவியின் மின்கலத்தைக் கழற்றி வைத்துவிடாதீர்கள். தூபக்காலை வாசலருகே வைத்துச் சன்னலைத் திறந்தாலே போதும்.

தை பிறந்த நாளிலிருந்து கணவர் தைப்பூசப் பால்குடத்துக்காக விரதம் இருந்தார். வீட்டில் அசைவம் நின்றது. ஆனால் அடுத்த இரண்டு வாரங்களில் அலுவலகத்தில் லோ ஹெய் (மீனும் காய்கறிகளும் கலந்த தட்டை எல்லோரும் சேர்ந்து தூக்கிப்போட்டு உண்பது), மகளின் பள்ளியில் கொண்டாட்டம், எதிர்வீட்டில் புத்தாண்டுக்கு முந்தைய மாலை குடும்பத்தார் கூடும் ஒன்றுகூடல் விருந்து என்று அழைப்புகள் வரிசையாக நின்றன. லோ ஹெய்யில் பச்சை மீனை விட்டுவிட்டுக் காய்கறிகளை மட்டும் வைத்துத் தூக்கிப்போடலாம் என்பதால் அலுவலகம் எளிதாகத் தீர்ந்தது. ஒன்றுகூடல் விருந்துதான் தீரவில்லை. ஒரே கொதிகலத்தில் இறாலும் மீனுருண்டையும் மிதக்கும்போது விரதக்காரருக்கு அங்கு என்ன வேலை?

அந்தக் கேள்விக்கு விருந்து நாளின் மாலையில் எங்கள் சமையலறைக் குழாயே பதில் சொன்னது. கழுவுதொட்டியின் அடியில் குழாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் நெகிழ்குழாய் பிளந்து, அலமாரிக்குள் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. வாசலுக்கு வெளியே தண்ணீர் மீட்டரை ஒட்டியுள்ள அடைப்பானை மகள் உடனே மூடிவிட்டாள்; அது எங்கே இருக்கிறது என்பதை வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் அறிந்திருப்பது நல்லது. சீனப் புத்தாண்டுக்கு முந்தைய மாலையில் குழாய் பழுதுபார்ப்பவரைக் கூப்பிடுவது, தீபாவளி விடியற்காலையில் தையற்காரரைத் தேடுவதற்கு ஒப்பானது. யாரும் எடுக்கவில்லை. வன்பொருள் கடைகளும் சாத்தியிருந்தன. பாட்டியாரின் இளைய மகன் விருந்துக்கு நடுவே திருகுசாவியுடன் வந்தார். கடை திறந்திருக்க வேண்டும் என்ற தேவையே இல்லாமல், எங்கள் இரண்டாவது குளியலறையின் கைகழுவும் தொட்டியிலிருந்த அதே அளவுள்ள நெகிழ்குழாயைக் கழற்றிச் சமையலறையில் மாட்டிவிட்டார். கைம்மாறாக என் கணவர் விருந்துக்கு வந்தே ஆகவேண்டும் என்று பாட்டியார் தனியாக ஒரு சட்டியில் தோஃபுவும் காளானும் வேகவைத்திருந்தார். விரதக்காரர் போனார், சாப்பிட்டார்.

இவற்றையெல்லாம்விட எனக்கு மிகவும் பிடித்தமான மோதல் விளக்குமாற்றால் வந்தது. சீனப் புத்தாண்டின் முதல் நாள் பெருக்கக்கூடாது. வந்த செல்வத்தைக் கூட்டித் தள்ளிவிடுவதாகும் என்பது அவர்களின் நம்பிக்கை. எங்கள் வீட்டிலோ விடிந்ததும் வாசலைக் கூட்டிக் கோலம் போடாவிட்டால் மாமியாருக்குக் காப்பி இறங்காது. இரண்டு வாசல்களுக்கும் இடையே இருப்பதோ ஒரே தாழ்வாரம். முதல் ஆண்டில் பாட்டியார் கதவிடுக்கில் நின்றபடி, “ஜாங்ஙான் சாப்பு, ஜாங்ஙான் சாப்பு” (பெருக்காதே, பெருக்காதே) என்று கெஞ்சிய பிறகு, மாமியார் தாமே ஓர் ஏற்பாட்டைக் கண்டுபிடித்தார்: முதல் நாள் இரவே, நள்ளிரவுக்கு முன், தாழ்வாரம் முழுவதையும் பாட்டியாரின் வாசல் உட்படக் கூட்டித் துடைத்துக் கோலம் போட்டுவிடுவது, மறுநாள் யாரும் விளக்குமாற்றைத் தொடாமல் இருப்பது. 2025இலும் அப்படியே. குழாய் வெள்ளத்தைத் துடைத்த கையோடு அதையும் முடித்தோம். காலையில் பாட்டியார் சோடி மாண்டரின் ஆரஞ்சுகளையும் பிள்ளைகளுக்குப் பணம் வைத்த சிவப்பு உறையான அங்பாவையும் கொண்டுவந்தபோது, கோலத்தை மிதிக்காமல் சுவரோரமாக நடந்து வந்தார். பதிலுக்கு அதே எண்ணிக்கையில் ஆரஞ்சுகளும் ஒரு டப்பா முறுக்கும் கொடுத்தோம்.

தைப்பூசத்தைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை, பலரும் எழுதியிருக்கிறார்கள். முந்தைய நாள் வெள்ளி ரதம் டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலிலிருந்து கியோங் சைக் சாலையின் லயன் சித்தி விநாயகர் கோயிலுக்குச் சென்று மாலையில் திரும்பும். மாமியாரால் நெடுந்தூரம் நடக்க இயலாது என்பதால் அவரை ரதம் பார்க்க அழைத்துச் சென்றோம். பால்குடத்துக்குக் கணவரும் நானும் மட்டும், சிராங்கூன் சாலை ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து தெண்டாயுதபாணி கோயில்வரை, கூட்டம் குறைவான பின்னிரவில் நடந்தோம். கணவர் குளித்துவிட்டு நேரே வேலைக்குப் போனார்.

மறுநாள் சீனப் புத்தாண்டின் பதினைந்தாம் நாள். பாட்டியார் மீண்டும் அழைத்தார். விரதம் முடிந்ததல்லவா என்று நண்டு வாங்கி வைத்திருந்தார். தைப்பூசத்துக்குப் பின் விரதத்தை நிறைவுசெய்யும் இடும்பன் பூசை முடியும்வரை கணவர் அசைவம் தொடமாட்டார் என்று மாமியார் மலாயில் விளக்க, பாட்டியாருக்கு இடும்பன் யார் என்பதை மகன் கைகளை விரித்து, இரண்டு மலைகளைத் தோளில் தூக்குவதுபோல் நடித்துக் காட்டினான். நண்டு உறைபெட்டிக்குப் போனது.

2026இல் தைப்பூசம் பிப்ரவரி 1, சீனப் புத்தாண்டு பிப்ரவரி 17. விரதம் முன்னதாகவே முடிந்துவிடும் என்பதை நாள்காட்டியில் பாட்டியாருக்குக் காட்டிவிட்டோம். கணவருக்குத் தனிச்சட்டி இனி வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டார். தாழ்வாரம் கூட்டும் ஏற்பாடு மட்டும் அப்படியே இருக்கட்டுமாம்.