பட்டும் சுங்குடியும்: கேட்டதும் சொன்னதும்

கே: அம்மாவின் கல்யாணப் பட்டு பீரோவிலேயே கிடந்து மடிப்பில் கீறல் விட்டிருக்கிறது. என்ன செய்யலாம், அக்கா?

ப: ஒரே மடிப்பில் வருஷக்கணக்கில் கிடந்தால் அந்த இடத்தில் இழை இற்றுத்தான் போகும். நிழலில் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி மடித்து, பழைய வேட்டியில் சுற்றி வையுங்கள். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை இதையே செய்யுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம். அந்துருண்டை புடவைமேல் படவே கூடாது, ஜரிகை கறுத்துவிடும். கீறலுக்கு அடியில் மெல்லிய பட்டுத்துணி கொடுத்துத் தைக்கச் சொல்லுங்கள். அப்புறம் கட்டிக்கொள்ளுங்கள். அம்மாவையும் கட்டச் சொல்லுங்கள்.

கே: அசல் ஜரிகையை எப்படிக் கண்டுபிடிப்பது?

ப: காஞ்சிபுரம் ஜரிகையில் சிவப்புப் பட்டு நூல்மேல் வெள்ளிக் கம்பி சுற்றித் தங்க முலாம் பூசியிருப்பார்கள். ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் இழையைச் சுரண்டினால் உள்ளே சிவப்பு தெரிய வேண்டும்.

கே: மனைவிக்குத் தெரியாமல் கல்யாண நாளுக்குப் புடவை எடுக்கலாமா?

ப: தாராளமாக. அவர் அடிக்கடி போடும் ரவிக்கைகள் என்ன நிறம் என்று கொடியில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கடை விளக்கை நம்பாமல் வாசல் வெயிலில் விரித்துப் பாருங்கள். பில்லைத் தொலைக்காதீர்கள், மாற்ற வேண்டி வரும்!

கே: காய் வாங்கப் போகும்போதுகூடச் சுங்குடிப் புடவை கட்டி மல்லிகை வைத்துக்கொள்வேன் என்கிறீர்களே, அது எதற்கு? யார் பார்க்க? வீண் பகட்டு.

ப: நான் பார்க்க, அண்ணே. சுங்குடி என்றால் என்னவென்று தெரியுமா? துணியைப் பொட்டுப் பொட்டாகக் கிள்ளி, நூலால் இறுக்கி முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்குவார்கள். மதுரை சௌராஷ்டிர வீட்டுப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்யும் வேலை அது. முடிச்சை அவிழ்த்தால் ஒவ்வொரு புள்ளியும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். புதுப்புடவையில் தடவினால் புள்ளி லேசாகப் புடைத்து விரலில் தட்டுப்படும். அச்சடித்ததில் அது இருக்காது. இப்படி ஒன்றைக் கஞ்சி போட்டு, கொசுவத்தை நீவிக் கட்டிக்கொண்டு கீரைக்காரியிடம் பேரம் பேசினால் எனக்கு அன்றைய பொழுதே நன்றாக இருக்கிறது. உங்கள் சட்டைக்கு இஸ்திரி யார் பார்க்க?

கே: அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அக்கா. பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போகிறவளுக்குப் புடவை தொல்லைதானே?

ப: சரி, சுடிதார் போடுங்களேன். புடவை கட்டினால்தான் அழகு என்று நான் எங்கே சொன்னேன்? பிடித்த துப்பட்டாவை விசேஷத்துக்கென்று எடுத்து வைக்காதீர்கள், அவ்வளவுதான். மல்லிகைச் சரத்தை மாலையில் வீட்டுக்காரர் வாங்கி வந்தால் வேண்டாம் என்றும் சொல்லாதீர்கள்.

கே: நான் வாங்கி வந்தால் அவள் 'காசுக்குக் கேடு' என்கிறாளே!

ப: சொல்லிவிட்டு வைத்துக்கொள்கிறாரா, இல்லையா? அதைப் பாருங்கள்.

கே: ஜரிகை அசலா என்று...

ப: மேலே இரண்டாவது பதில்.

கே: பட்டுப்புடவைக்குச் செண்ட் அடிக்கலாமா?

ப: கூடாது. அந்துருண்டைக்குச் சொன்னதுதான், ஜரிகை கறுக்கும். புடவை கட்டுவதற்கு முன்பே மணிக்கட்டில் தடவி உலர விடுங்கள்.