சிக்னல் கோடு முழுதாக இருந்தும் இணையம் நகராதது ஏன்?

கேள்வி: அழகர் ஆற்றில் இறங்கும் நாளன்று ஆழ்வார்புரத்தில் சர்க்கரைச் செம்பு விற்கக் கடை போட்டிருந்தேன். போனில் சிக்னல் கோடுகள் முழுதாக இருந்தன. ஆனாலும், வாடிக்கையாளர் ஸ்கேன் செய்து அனுப்பிய பணம் வந்ததாகச் சொல்ல வேண்டிய சவுண்ட் பாக்ஸ் வெகுநேரம் வாய் திறக்கவில்லை. வாங்கியவர்களோடு வாக்குவாதமே ஆகிவிட்டது. என்ன காரணம்?
- வாசகி, செல்லூர், மதுரை.

பதில்: உங்கள் போனிலோ சவுண்ட் பாக்ஸிலோ பழுது இருந்திருக்க வாய்ப்பில்லை, வாங்கியவர்களும் பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்லியிருப்பார்கள். சிக்னல் கோடு காட்டுவது, டவரின் அலை உங்களிடம் எவ்வளவு வலுவாக வந்து சேர்கிறது என்பதை மட்டுமே. அதே அலையை அந்த நேரத்தில் எத்தனை பேர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள் என்பதை அது காட்டுவதில்லை.

டவரின் உச்சியில் நெட்டுக்குத்தாக நிற்கும் நீளப் பெட்டிகள் பொதுவாக மூன்று திசைகளைப் பார்த்திருக்கும். ஒரு திசைக்கு 10 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள 4ஜி அலைவரிசை கிடைத்தால், வழக்கமான அமைப்பில் அதன் உச்ச வேகம் நொடிக்குச் சுமார் 75 மெகாபிட். ஆற்றங்கரையில் அந்தத் திசையில் 3,000 பேர் ஒரே நேரத்தில் இணையத்தைத் தொட்டால், ஆளுக்கு 25 கிலோபிட்தான் மிஞ்சும். நிறுவனம் கூடுதலாக இரண்டு அலைவரிசைகளை வைத்திருந்தாலும், லட்சக்கணக்கானோர் கூடும் கரையில் அது போதாது.

இதைவிட மோசமானது, போனிலிருந்து டவருக்குப் போகும் பாதை. போனின் அலைபரப்புத் திறன் பொதுவாக 0.2 வாட்டைத் தாண்டுவதில்லை. தங்கக் குதிரை தண்ணீரில் கால் வைக்கும் அந்த நொடியில் ஆயிரக்கணக்கான கைகள் உயர்ந்து, வீடியோவை அப்போதே ஊருக்கு அனுப்பத் தொடங்குகின்றன. உங்கள் வாடிக்கையாளரின் பணச் செய்தி மிகச் சிறியதுதான் என்றாலும், அதுவும் அந்த வரிசையில் நின்றுதான் முறை கேட்க வேண்டும். சவுண்ட் பாக்ஸுக்குள்ளும் ஒரு சிம் இருக்கிறது. அதற்கும் அதே வரிசைதான்.

2016 செப்டம்பருக்கு முன்பு 1 ஜிபி டேட்டாவுக்கு ஏறக்குறைய 250 ரூபாய் கொடுத்தோம். இன்று நாளொன்றுக்கு 2 ஜிபி என்று ரீசார்ஜ் செய்கிறோம். எல்லோரும் ஒரே மணி நேரத்தில் பயன்படுத்த மாட்டார்கள் என்ற கணக்கில்தான் நிறுவனங்கள் இதை விற்கின்றன. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால், அழகர் இறங்கும் நாளும் நேரமும் முன்கூட்டியே அறிவிக்கப்படுபவை. அந்த ஒரு நாளுக்கு நடமாடும் டவர்களைப் போதிய எண்ணிக்கையில் கரையில் நிறுத்துவது நிறுவனங்களின் கடமை என்றே கருதுகிறேன். அன்றைய நெரிசலில் நட்டப்படுவது உங்களைப் போன்ற சிறு வியாபாரிதான்.

அடுத்த ஆண்டு வேறொரு நிறுவனத்தின் சிம்மையும் கையில் வைத்திருங்கள்; பக்கத்தில் கேபிள் இணைப்புள்ள கடை இருந்தால் அவர்களின் வைஃபையைக் கேட்டு வாங்குங்கள்; சில்லறையும் வேண்டும். வாங்கியவரின் கணக்கில் பணம் கழிந்து உங்களுக்கு வந்து சேரவில்லையென்றால், 5 நாட்களுக்குள் அது அவருக்குத் தானாகத் திரும்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2019-ஆம் ஆண்டு விதி. இதைச் சொன்னால் பாதி வாக்குவாதம் அடங்கிவிடும்.

கேள்வி: எங்கள் ஊரில் 5ஜி என்று போனில் எழுத்து வருகிறது, இரவில் வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கிறது. 5ஜி வந்தும் ஏன் இப்படி?
- வாசகர், உசிலம்பட்டி.

பதில்: உங்கள் ஊர் டவரை அண்ணாந்து பாருங்கள். முரசு போல வட்டமாக ஒன்று தெரிந்தால், அந்த டவர் ஃபைபர் கேபிளுக்குப் பதிலாக மைக்ரோவேவ் அலை வழியே அடுத்த டவரோடு இணைக்கப்பட்டிருக்கக்கூடும்; அந்த வழி பொதுவாக ஃபைபரைவிடக் குறுகியது. வாய்க்கால் குறுகியிருந்தால் மடையை அகலப்படுத்தி என்ன பயன்? விடியற்காலை 5 மணிக்கும் இரவு 9 மணிக்கும் வேகத்தை அளந்து பாருங்கள். விடியலில் நன்றாக ஓடி இரவில் மட்டும் நின்றால் அது நெரிசல். இரண்டு வேளையும் மந்தமாக இருந்தால் சிக்னலில் கோளாறு இருக்கலாம். புகார் கொடுக்கும்போது இரண்டு அளவுகளையும் தேதியோடு எழுதிக் கொடுங்கள்.