'டல்' என்று எழுதும் முன்

கேள்வி: கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ் ஆலையில் ஏற்றுமதிக் கடிதங்கள் எழுதுகிறேன். ஒரு முறை சுவை சற்றுக் குறைந்த கூழைப் பற்றி, 'கூழ் டல்லாக இருக்கிறது' என்று ஆங்கிலத்தில் எழுதினேன். வாங்குபவர் நிறத்தைக் காட்டும் படம் கேட்கிறார். நான் எங்கே தவறினேன்?

பதில்: அவர் சரியாகத்தான் படித்திருக்கிறார். வியாபாரம் டல், முகம் டல், சட்டை டல் என்று தமிழில் எல்லாவற்றுக்கும் இந்த ஒரே சொல்லைப் போட்டுப் பழகிவிட்டோம். ஆங்கிலத்தில் பழக்கூழை 'டல்' என்றால் முதலில் மங்கிய நிறம்தான் கண்முன் வரும்.

சுவைக்கு ஏற்றது 'பிளேண்ட்'. இனிப்போ புளிப்போ தூக்கலாக இல்லை என்று பொருள். காரமில்லாத பத்தியச் சாப்பாட்டுக்கும் இதுதான் சொல். ஆகவே எப்போதும் குறை சொல்வதாகாது. 'இன்சிப்பிட்' கடுமையானது. சுவையற்றது என்பதே அதன் லத்தீன் மூலப் பொருள். வாயில் வைத்ததும் சப்பென்று இருப்பதற்கு அது பொருந்தும். விற்பவர் தம் சரக்குக்கு அதை எழுதவே கூடாது.

கத்தி மழுங்கினால் 'பிளண்ட்'. அமெரிக்கர்கள் 'டல்' என்றே அதிகம் சொல்வார்கள். மனிதரிடம் வந்ததும் இவை பிரிந்துவிடும். 'டல்' என்றால் மந்தமானவர், அல்லது பேச்சில் சுவை இல்லாதவர். 'பிளண்ட்' என்றால் நயம் பார்க்காமல் நேரடியாகப் பேசுபவர். வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று நாம் கூர்மையால் சொல்வதை ஆங்கிலம் மழுங்கலால் சொல்கிறது! எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. வாங்குபவரைப் பாராட்டும் கடிதத்தில் மட்டும் 'பிளண்ட்' வேண்டாம்.

உங்கள் ஊர் கிரானைட் பட்டறைக்காரர்களுக்கும் ஒரு சொல்: பளபளப்பு வேண்டாம் என்று திட்டமிட்டு முடித்த கல் 'மேட்'. பளபளப்பு போய்விட்ட கல் 'டல்'. முன்னது தரம், பின்னது குறை.

வேலையைச் சொல்லும்போது 'டீடியஸ்' என்றால் நீண்டு இழுத்து அலுக்க வைப்பது. 'மொனாட்டனஸ்' என்றால் மாற்றமே இல்லாதது. 'போரிங்' பேச்சுக்குப் போதும். வணிகக் கடிதத்தில் தவிருங்கள்.

இனி முதலில் தமிழில் கேட்டுக்கொள்ளுங்கள்: மங்கலா, மழுங்கலா, மந்தமா, சப்பா, சலிப்பா? இந்தப் பிரிவுகள் நம்மிடம் ஏற்கெனவே இருக்கின்றன. ஆங்கிலச் சொல்லை அதன் பிறகு தேடுங்கள். இந்தக் கடிதத்துக்குத் திருத்தம் இப்படி அனுப்பலாம்: 'நிறம் வழக்கம்போலவே இருக்கிறது, சுவை சற்று பிளேண்ட்.' பக்கத்திலேயே பிரிக்ஸ் அளவையும், அதாவது கூழின் இனிப்பைக் காட்டும் அளவையும், குறிப்பிடுங்கள். பெங்களூரா ரக மாங்கூழுக்கு 14 பிரிக்ஸ் எதிர்பார்ப்பவருக்கு அந்த எண் சொல்லைவிடத் தெளிவாகப் பேசும்.