பங்காளி வீட்டை நம்பி எம்.பி.ஏ. வேண்டாம், ஆச்சி

அன்புள்ள ஆச்சிக்கு,

வியாழக்கிழமை நீங்களும் மகளும் காரைக்குடிக்கு வந்து அவளுடைய எம்.பி.ஏ. படிப்பைப் பற்றிப் பேசிவிட்டுப் போனபிறகு பார்த்தால், அந்தக் கல்லூரிக் கையேடு என் மேசையிலேயே கிடக்கிறது. வழவழப்பான தாள், கோட்டு போட்ட பிள்ளைகள் சிரிக்கிற அட்டை. மறந்து வைத்தீர்களா, நான் பார்க்கட்டும் என்று வைத்தீர்களா தெரியவில்லை. அட்டை முதல் அட்டை வரை படித்துவிட்டேன்.

நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் தருகிறார்கள், இந்த வாரத்துக்குள் முன்பணம் கேட்கிறார்கள், கட்டிவிடலாமா என்று கேட்டீர்கள். கட்ட வேண்டாம். அவசரப்படுத்துகிற கடையில் சரக்கு வாங்கக் கூடாது என்பது உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியாததா?

கையேட்டின் ஏழாம் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். 'அதிகபட்ச ஆண்டுச் சம்பளம் 18 லட்சம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அது ஒரே ஒரு பிள்ளை வாங்கியது. அதன்கீழ் 'சராசரி' என்று ஓர் எண். அந்த எண்ணின் தலையில் எறும்பு அளவில் ஒரு நட்சத்திரக் குறி. பக்கத்தின் அடியில் தேடினால், 'வேலை பெற்றவர்களின் சராசரி' என்று விளக்கம். வேலை கிடைக்காதவர்கள் கணக்கிலேயே வரவில்லை. கிடைத்தவர்களுக்குள்ளும் சராசரி ஏமாற்றும். பத்துப் பேரில் ஒருவனுக்கு 18 லட்சம், மற்ற ஒன்பது பேருக்கும் தலைக்கு 3 லட்சம் என்றால் சராசரி நாலரை லட்சம் வரும். அந்த வகுப்பில் நாலரை லட்சம் வாங்குகிறவர் ஒருவர்கூட இல்லை!

அதனால் எந்தக் கல்லூரியானாலும், வகுப்பில் மொத்தம் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, சம்பளத்தை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கிறவர் என்ன வாங்குகிறார் என்று கேளுங்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் படித்து முடித்த மூன்று பேரின் தொலைபேசி எண்ணையும் வாங்குங்கள். கல்லூரி பொறுக்கிக் கொடுக்கும் மூன்று பேர் போதாது, நீங்களே தேடிப் பிடிக்க வேண்டும். அந்தக் காலத்தில் பர்மாவிலிருந்த வட்டிக்கடைகளின் ஐந்தொகை (இருப்பு, கடன் கணக்கு) வந்தால், லாபத்தைப் பார்க்கும் முன் வராக்கடன் எவ்வளவு என்று பார்ப்பார்களாம். கையேட்டையும் அந்தக் கண்ணோடு பாருங்கள்.

அடுத்தது பணம். வங்கியில் கடன் பிரிவில் பல ஆண்டுகள் இருந்தவன் என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். பொதுவாக, கல்விக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் வங்கி சொத்து ஈடு கேட்கும். "வீடு இருக்கிறதே" என்றீர்கள். வீடு இருக்கிறது ஆச்சி. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று ஒரு தெருவிலிருந்து அடுத்த தெரு வரைக்கும் போகிற வீடு. ஆனால் அதில் உங்கள் பங்கு எத்தனையில் ஒன்று? கல்யாணத்துக்கும் முன்னோர் படைப்புக்கும் கூடுகிற பங்காளிகளில் பாதிப் பேர் சென்னையிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். வங்கியின் வழக்கறிஞர் அத்தனை பேர் கையெழுத்தும் கேட்பார். இந்த வட்டாரத்தில் இப்படிப்பட்ட விண்ணப்பங்களை நான் எத்தனையோ திருப்பி அனுப்பியிருக்கிறேன். பத்திரத்தைப் பெருமையாகக் கொண்டு வருவார்கள், பங்காளிகள் பட்டியலைக் கேட்டதும் மௌனமாகிவிடுவார்கள். அதன்பின் என்ன நடக்கும்? நகை போகும், இல்லையென்றால் வெளியே வட்டிக்கு வாங்குவார்கள். படிப்புக்காக வெளிவட்டிக்கு வாங்குவதைப்போல மோசமான முடிவு வேறில்லை.

கணக்கையும் போட்டுவிடுவோம். 10 சதவீத வட்டியில் 10 ஆண்டுகளில் அடைப்பதென்றால், ஒரு லட்சத்துக்கு மாதத் தவணை சுமார் 1,320 ரூபாய். அந்தக் கல்லூரி கேட்கும் 9 லட்சத்துக்கு மாதம் 11,900 ரூபாய் அளவில் வரும். படிக்கும் காலத்தில் ஏறுகிற வட்டி இதில் சேரவில்லை. மாதம் 22,000 ரூபாய்தான் சம்பளம் என்று வைத்தால், சென்னையில் விடுதி வாடகையும் கொடுத்து இதைக் கட்ட முடியுமா என்று நீங்களே பாருங்கள்.

இதற்கு மாறாக, தகுதி அடிப்படையில் நல்ல நிறுவனத்தில் இடம் கிடைத்தால் கதையே வேறு. 2024 நவம்பரில் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்தில், பட்டியலில் உள்ள தரமான நிறுவனங்களில் சேர்கிறவர்களுக்கு ஈடும் ஜாமீனும் இல்லாமல் கடன் உண்டு. பெரிய ஐ.ஐ.எம்.களில் (மத்திய அரசின் இந்திய மேலாண்மைக் கழகங்கள்) கட்டணம் 20 லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஆனாலும் அங்கே சேர்கிற பிள்ளைக்கு வங்கிகளே தேடி வந்து கடன் கொடுக்கின்றன. கடன் தொகையைப் பார்த்துப் பயப்படாதீர்கள். எதன்மேல் வாங்குகிறோம் என்பதைப் பார்த்துப் பயப்படுங்கள்.

இனி உங்கள் மகளைப் பற்றி. அன்றைக்கு அரைமணி நேரமும் நீங்கள்தான் பேசினீர்கள். அவள் ஒரே ஒரு முறை வாய் திறந்தாள், நினைவிருக்கிறதா? அம்மானுடைய ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறையில் விடுமுறைக்குக் கணக்கு எழுதினாயாமே, என்ன பார்த்தாய் என்று நான் கேட்டபோது. கண்ணாடியின்மேல் வண்ணக் குழம்பை ஊற்றுகிற அழகை எல்லாரும் சொல்வார்கள். அவள் அதைச் சொல்லவில்லை. "சிமெண்டுக்கும் மணலுக்கும் கூலிக்கும் அன்றன்றைக்குக் காசு கொடுக்கிறோம். கல் காய்ந்து, தண்ணீரில் ஊறி, லாரி ஏற நாளாகிறது. வாங்குகிற கட்டடக்காரர் அதற்குப் பிறகும் இரண்டு மாதம் கழித்துத்தான் பணம் தருகிறார். விற்பனை கூடக் கூட அம்மானுக்குக் கைக்காசு முடை அதிகமாகிறது" என்றாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இதைத்தான் எம்.பி.ஏ. வகுப்பில் நடைமுறை மூலதனம் என்ற தலைப்பில் வாரக்கணக்காக நடத்துகிறார்கள். அவள் அதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் கண்டுபிடித்துவிட்டாள்.

ஆகவே அவளுக்கு இந்தப் படிப்பு பொருந்தும். இப்போதே வேண்டுமா என்பதுதான் கேள்வி. என் கருத்து, இரண்டு ஆண்டு வேலை பார்த்துவிட்டுப் போகட்டும். பி.காம். முடித்த கையோடு போனால் வகுப்பில் சொல்வதெல்லாம் கேட்ட கதையாகத்தான் இருக்கும். இது நமக்கு ஒன்றும் புதிதும் அல்ல. நம்மவர்கள் கடல்கடந்து கொண்டுவிற்கப் போன காலத்தில் பெட்டியடிப் பையன் என்ற பயிற்சி ஆளாகக் கடையில் உட்கார்ந்து, அடுத்தாள் என்ற உதவியாளராகி, பிறகுதான் ஒருவர் கடையை நடத்தும் மேலாளானார். பள்ளத்தூர்க்காரர் ஒருவர் 1900இல் பர்மாவில் வட்டித் தொழில் தொடங்கினார், அதுதான் இன்றைய முருகப்பா குழுமம். ஹார்வர்டில் எம்.பி.ஏ. வகுப்பு ஆரம்பித்தது 1908இல். (இதைப் பெருமைக்காகச் சொல்கிறேன், வாதத்துக்காக அல்ல. அப்படிப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகளும் இன்று எம்.பி.ஏ. படிக்கிறார்கள்.)

ஒரு தணிக்கையாளர் அலுவலகம், ஒரு வங்கி, ஒரு நடுத்தர ஏற்றுமதி நிறுவனம், எதுவானாலும் சரி. அந்த இரண்டு ஆண்டில், ஐ.ஐ.எம்.களில் சேர எழுதும் 'கேட்' நுழைவுத் தேர்வுக்கு இரண்டு முறை உட்காரலாம். நவம்பர் மாதத்தில் நடக்கும். மொழி, தரவு ஆய்வும் தருக்கமும், கணக்கு என மூன்று பகுதி, ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். ஒரு பகுதியில் மிச்சமாகும் நேரத்தை அடுத்ததற்குக் கொண்டுபோக முடியாது. தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் இங்கே தடுக்கி விழுவது கணக்கில் அல்ல, ஆங்கிலப் பத்தியில். தினமும் ஓர் ஆங்கிலத் தலையங்கம் படிக்க இன்றே தொடங்கச் சொல்லுங்கள். பல ஐ.ஐ.எம்.கள் வேலை அனுபவத்துக்கும் மதிப்பெண் தருகின்றன, பெண்களுக்கும் சில மதிப்பெண் சேர்த்துக் கொடுக்கின்றன. திருச்சி பஸ்ஸில் புதுக்கோட்டை தாண்டிப் போகும்போது ஐ.ஐ.எம். வளாகத்தைப் பார்த்திருப்பீர்கள். அவ்வளவு பக்கத்தில் இருக்கிறது.

தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்கான 'டான்செட்' நுழைவுத் தேர்வையும் எழுதட்டும். அண்ணா பல்கலைக்கழகம் நடத்துவது, 100 கேள்வி, 2 மணி நேரம், தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் குறையும். அரசுப் பல்கலைக்கழகத் துறைகளில் கட்டணம் தனியார் கல்லூரியோடு ஒப்பிட்டால் சிறு பங்குதான். நம் காரைக்குடியிலேயே அழகப்பா பல்கலைக்கழகத்தில் மேலாண்மைத் துறை இருக்கிறது. வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டு கடனில்லாமல் படிக்கலாம். "உள்ளூரா?" என்று முகம் சுளித்தீர்கள். 9 லட்சம் கடனோடு வெளியூரில் பெயர் தெரியாத கல்லூரியில் படிப்பதைவிட இது எனக்கு எவ்வளவோ மேலாகப் படுகிறது.

தொலைநிலைக் கல்வியில் எம்.பி.ஏ. பற்றிக் கேட்டீர்கள். வேலையில் இருந்துகொண்டு பதவி உயர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு நல்லது. பல்கலைக்கழக மானியக் குழுவின் அனுமதி அந்த ஆண்டுக்கு, அந்தப் படிப்புக்கு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் முதல் வேலையை அது தேடிக் கொடுக்காது.

பெண் பிள்ளைக்கு மனிதவளப் பிரிவுதான் ஏற்றது என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். பட்டறையின் பண முடையைக் கண்டுபிடித்தவளை நிதிப் பிரிவுக்கு அனுப்பாமல் வேறெங்கே அனுப்புவது? நல்ல சம்பந்தம் வர எம்.பி.ஏ. வேண்டும் என்ற பேச்சுக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. அது என் தொழில் இல்லை.

முன்பணம் கட்டச் சொல்லி அந்தக் கல்லூரியிலிருந்து மறுபடி அழைத்தால், மொத்த மாணவர் எண்ணிக்கையையும் நடுவில் நிற்பவரின் சம்பளத்தையும் எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். அநேகமாக அதற்குப் பிறகு அழைக்க மாட்டார்கள். அடுத்த வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு மகளை மட்டும் அனுப்பி வையுங்கள். வரும்போது மதிப்பெண் சான்றிதழ் வேண்டாம். அம்மான் பட்டறைக் கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு வரட்டும்.