மாத்திரையிலும் பீட்டா பிளாக்கர், கண் சொட்டிலும் பீட்டா பிளாக்கர்: சேர்த்துப் பயன்படுத்தலாமா?

கேள்வி: எனக்கு வயது 61. ரத்த அழுத்தத்துக்காகச் சில ஆண்டுகளாக மெட்டோபுரோலால் சாப்பிடுகிறேன். கண் அழுத்தம் 26 இருப்பதாகச் சொல்லி, டிமோலால் சொட்டு மருந்தைக் காலையும் இரவும் போடச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டும் ஒரே வகை என்கிறார் மருந்துக் கடைக்காரர். சேர்த்துப் பயன்படுத்தலாமா?

பதில்: கடைக்காரர் சொன்னது சரிதான்; இரண்டுமே பீட்டா பிளாக்கர்கள், அதாவது இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் குறைக்கும் வகை மருந்துகள். கண்ணுக்குள் சுரக்கும் நீரின் அளவைக் குறைத்து அழுத்தத்தை இறக்குவதே டிமோலாலின் வேலை. பொதுவாக 10 முதல் 21 மி.மீ. பாதரசம் வரையிலான அழுத்தம் இயல்பானது. நீங்கள் சாப்பிடும் மாத்திரையும் கண் அழுத்தத்தை ஓரளவு குறைத்துக்கொண்டிருக்கும் என்பதால், மாத்திரை இல்லாதிருந்தால் உங்கள் 26 இன்னும் கூடுதலாகவே இருந்திருக்கலாம். அதே காரணத்தால், சொட்டு மருந்தால் கிடைக்கும் கூடுதல் பலனும் மற்றவர்களைவிடச் சற்றுக் குறையலாம்.

சொட்டு மருந்துதானே என்று பலரும் இதயநோய் மருத்துவரிடம் இதைச் சொல்வதே இல்லை. கண்ணில் விட்ட மருந்து கண்ணீர்க் குழாய் வழியே மூக்குக்குள் இறங்கி, மருந்தைச் சிதைக்கும் கல்லீரலைத் தொடாமலே ரத்தத்தில் கலந்துவிடுகிறது. ஆகவே இரண்டும் சேரும்போது நாடித்துடிப்பு மிகவும் குறைந்து தலைசுற்றலோ மயக்கமோ வரலாம். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஒரு சொட்டுகூடக் கடுமையான மூச்சுத்திணறலை உண்டாக்கக்கூடும் என்பதால், எப்போதோ வீசிங் வந்திருந்தாலும் அதை மறைக்காமல் கண் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்; இதயத் துடிப்பில் தடை (ஹார்ட் பிளாக்) இருந்தாலும் அவ்வாறே. லாட்டனோபுரோஸ்ட் போன்ற வேறு வகைச் சொட்டு மருந்துகள் இருக்கின்றன. உங்கள் நிலையில் அதை முதலில் கேட்டுப் பார்ப்பது நியாயமே.

டிமோலாலையே தொடர்வதென்றால், ஒரு சொட்டு விட்டதும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண்ணின் உள்மூலையை விரல் நுனியால் 2 நிமிடம் மெல்ல அழுத்திப் பிடியுங்கள். உடலுக்குள் போகும் அளவு வெகுவாகக் குறையும். இரவில் கண்ணுக்குள் நீர் சுரப்பதே குறைவாக இருப்பதால் அந்த வேளைச் சொட்டின் பலனும் குறைவு. காலை வேளை மட்டும் போதுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

எந்த நிலையிலும் மெட்டோபுரோலாலை நீங்களாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது. நெஞ்சுவலி வரலாம், ரத்த அழுத்தத்தோடு கண் அழுத்தமும் ஏறிவிடலாம். மருத்துவர் அதை மாற்றினால், அடுத்த சில வாரங்களுக்குள் கண் அழுத்தத்தை மறுபடி அளந்துகொள்ளுங்கள்.